18 கிலோவாட் ஓவன் பேனலில் எஸ்எஸ்ஆர் அடிக்கடி போகிறதா? ஹீட் சிங்க் கணக்கும் மாட்டும் முறையும்

கேள்வி இதுதான். மூன்று ஃபேஸ் 415 வோல்ட், 18 கிலோவாட் ஓவன். ஸ்டார் இணைப்பில் ஹீட்டர்கள், நியூட்ரல் கிடையாது. சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் பிஐடி கன்ட்ரோலர் ஒன்று, 40 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகமில்லாத மின்னணு சுவிட்ச்) மூன்று. எல்லாம் 600 × 800 × 250 மி.மீ அளவுள்ள மூடிய பேனலுக்குள். எஸ்எஸ்ஆர்களைப் பெயின்ட் அடித்த மவுண்டிங் பிளேட்டிலேயே நேரடியாக ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆகிறது, கன்ட்ரோலர் அணைத்த பிறகும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது. ஓடுவதே 25 ஆம்பியர்தான், 40 ஏன் தாங்கவில்லை, 60 ஆம்பியர் போட்டால் சரியாகுமா?

60 போட்டால் இன்னும் சில மாதம் கூடுதலாக ஓடும், அப்புறம் அதுவும் போகும். எஸ்எஸ்ஆர் மேல் அச்சடித்திருக்கும் 40 என்பது காண்டாக்டரின் (காயில் இழுத்து முனைகளைச் சேர்க்கும் சுவிட்ச்) மேல் எழுதியிருக்கும் 40 போன்றதல்ல. "என் அடித்தகட்டைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் 40 தருவேன்" என்பதுதான் அதன் பொருள். ஹீட் சிங்க் (சூட்டை வாங்கித் தன் ஃபின்கள், அதாவது மெல்லிய தகடுகள், வழியாகக் காற்றில் விடும் அலுமினியக் கட்டை) இல்லாமல் வெறுமனே வைத்தால் அதே 40 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் நான்கைந்து ஆம்பியருக்குத்தான் லாயக்கு. ஆகவே ஆம்பியரைத் தருவது எஸ்எஸ்ஆர் பாதி, ஹீட் சிங்க் பாதி.

காண்டாக்டரில் உலோக முனைகள் நேராகத் தொடுகின்றன, அங்கே விழும் வோல்டேஜ் மில்லிவோல்ட் கணக்கு. எஸ்எஸ்ஆருக்குள் இருப்பது தைரிஸ்டர் என்னும் செமிகண்டக்டர் சிப். ஆன் ஆகியிருக்கும்போதும் அதன் குறுக்கே 1 முதல் 1.5 வோல்ட் வரை நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் ஒரு ஆம்பியருக்கு 1 முதல் 1.5 வாட் வரை சூடு என்று பேனல் கட்டுபவர்கள் கணக்குப் போடுகிறார்கள். 18000 வாட்டை 1.732 × 415 ஆல் வகுத்தால் 25 ஆம்பியர். ஆம்பியருக்கு 1.2 வாட் என்று எடுத்தால் ஒரு எஸ்எஸ்ஆருக்கு 30 வாட், மூன்றுக்கும் 90 வாட். சாலிடரிங் அயர்ன் ஒன்று 25 வாட்தான். மூன்றரை சாலிடரிங் அயர்னை பேனலுக்குள் சொருகிக் கதவைப் பூட்டிவைத்த மாதிரி. 60 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் போட்டாலும் அந்த ஒரு வோல்ட் சொச்சம் பெரிதாக மாறாது, அதனால் சூடும் கிட்டத்தட்ட அதேதான். உள்ளே சிப் பெரிது என்பதால் சிப்பிலிருந்து அடித்தகட்டுக்குச் சூடு கொஞ்சம் எளிதாக இறங்கும். கிடைக்கும் லாபம் அவ்வளவே.

இப்போது ஹீட் சிங்க் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பார்ப்போம். சிப்பில் பிறக்கும் சூடு மூன்று தடைகளைத் தாண்டித்தான் காற்றுக்குப் போகிறது: சிப்பிலிருந்து அடித்தகடு, அடித்தகட்டிலிருந்து சிங்க், சிங்க்கிலிருந்து காற்று. ஒவ்வொரு தடையையும் "ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி" என்று அளக்கிறார்கள். முதல் தடை எஸ்எஸ்ஆரின் டேட்டாஷீட்டில் இருக்கும், 40 ஆம்பியர் வகைக்குச் சுமார் 0.6. இரண்டாவது, ஒழுங்காகப் பேஸ்ட் தடவி இறுக்கினால் 0.1. மூன்றாவதுதான் நாம் காசு கொடுத்து வாங்கும் சிங்க். சிப் 125 டிகிரியைத் தொடவே கூடாது. 100 டிகிரியை ஒட்டி நிறுத்தினால் நெடுநாள் உழைக்கும்.

நடைமுறையில் சிங்க்கின் மேற்பரப்பு 80 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது. பேனல் உள்காற்று 50 டிகிரி என்றால் மீதமிருப்பது 30 டிகிரி. 30 வாட்டுக்கு 30 டிகிரி, ஆக வாட்டுக்கு 1 டிகிரி சிங்க் வேண்டும். அப்போது சிப் 80 + 30 × 0.7, அதாவது 101 டிகிரியில் நிற்கும். மூன்று எஸ்எஸ்ஆரையும் ஒரே சிங்க்கில் மாட்டினால் 30 டிகிரியை 90 வாட்டால் வகுக்க வேண்டும், 0.33 வரும். இந்த எண் குறையக் குறையச் சிங்க் பெரிதாகும், 0.33 என்பது விசிறியில்லாமல் கிடைக்கும் சிங்க்குகளில் ரொம்பப் பெரிய அளவு.

கேட்லாக்கில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். இயற்கைக் காற்றோட்டத்தில் வேலை செய்யும் சிங்க், சூடு ஏற ஏறத்தான் நன்றாக இழுக்கும். சிங்க் காற்றைவிட 70, 80 டிகிரி கூடுதலாகச் சுடும் நிலையில் அளந்த எண்ணைப் பல தயாரிப்பாளர்கள் போடுகிறார்கள். நமக்கு வேண்டியது 30 டிகிரி உயர்வில். அங்கே அதே சிங்க் ஏறக்குறைய கால் பங்கு மோசமாகத்தான் வேலை செய்யும். வேண்டியது 1.0 என்றால் கடையில் 0.8 கேளுங்கள். எஸ்எஸ்ஆரோடு சேர்த்து விற்கிற சோப்புக்கட்டி அளவு சிங்க் 2-க்கு மேல்தான் இருக்கும். 10 ஆம்பியருக்கு அது சரி, 25-க்கு வேலைக்காகாது.

பெயின்ட் அடித்த பிளேட்டில் நேராக மாட்டியது ஏன் தோற்றது என்பதும் இதே கணக்குதான். இரும்புத் தகடு அலுமினியத்தைப்போல நான்கில் ஒரு பங்குதான் சூட்டைக் கடத்தும். 2 மி.மீ தகட்டில் எஸ்எஸ்ஆரைச் சுற்றி ஒரு கையளவு இடம் மட்டும் சுடும், மீதிப் பிளேட் சும்மா இருக்கும். பின்பக்கம் காற்றும் ஓடாது. நடுவில் பவுடர் கோட்டிங் வேறு. தடையைச் சும்மா 3 என்று வைத்துப் பார்த்தாலும் 50 + 90 + 21, சிப் 161 டிகிரி. உங்கள் எஸ்எஸ்ஆர்கள் இரண்டு மாதமாவது ஓடியதற்குக் காரணம், ஓவன் சூடேறிய பிறகு முழு நேரமும் 25 ஆம்பியர் ஓடாததுதான்.

இந்த நிலையில் ஒரு அறிகுறி தெரியும், கவனித்திருப்பீர்கள். முழுக்கப் போவதற்கு முன் சில நாள், கன்ட்ரோலர் அணைத்த பிறகும் ஹீட்டர் எரியும், மெயினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் ஒழுங்காக வேலை செய்யும். சிப் 125-ஐத் தாண்டிவிட்டால் வோல்டேஜைத் தடுத்து நிறுத்தும் சக்தியை இழக்கிறது, ஆறினால் திரும்பப் பெறுகிறது. இதைப் பார்த்துக் கன்ட்ரோலரை மாற்றுகிறவர்கள் நிறைய.

சிங்க் வாங்குவதற்கு முன் பேனலுக்குள் எத்தனை டிகிரி என்பதை ஒழுங்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே 50 என்று எடுத்தது மூடிய பேனலில் நடக்காது. பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு சுமார் 5.5 வாட் வெளியே தள்ளும். சுவரில் மாட்டிய உங்கள் பேனலில் முன்பக்கம் 0.48, இரண்டு பக்கவாட்டும் 0.4, மேல்பக்கம் 0.15, மொத்தம் சுமார் 1 சதுர மீட்டர். எஸ்எஸ்ஆர்கள் 90 வாட், காண்டாக்டர் காயில், எஸ்எம்பிஎஸ் (டிசி பவர் சப்ளை), மற்றதெல்லாம் சேர்த்து 30 என்று வைப்போம். 120 வாட்டை 5.7 ஆல் வகுத்தால் 21 டிகிரி உயர்வு. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் 40 டிகிரி சாதாரணம், அப்படியானால் உள்ளே 61. இப்போது சிங்க்குக்கு மீதமிருப்பது 19 டிகிரிதான், தேவை 0.63 ஆக இறங்கிவிட்டது. சிங்க் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அதோடு 61 டிகிரியில் எஸ்எம்பிஎஸ்ஸின் கண்டென்சர்களும் கன்ட்ரோலரும் வேகும். சிங்க்கை மட்டும் பெரிதாக்குவது, சூட்டை எஸ்எஸ்ஆரிலிருந்து எடுத்து மற்ற சாமான்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதில்தான் முடியும்.

இதற்கு வழிகள் மூன்று. எனக்குப் பிடித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வழி, சிங்க்கின் ஃபின்கள் பேனலுக்கு வெளியே இருக்கும்படி பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ வெட்டி மாட்டுவது. எஸ்எஸ்ஆரும் டெர்மினலும் உள்ளே, ஃபின் வெளியே. 90 வாட்டும் நேராக ஹாலுக்குப் போய்விடும், உள்ளே மீதம் 30 வாட்தான். சிங்க்குக்குக் கிடைப்பது 40 டிகிரிக் காற்று. (80 − 40) ÷ 90 = 0.44, ஒரே சிங்க்கிலேயே சமாளிக்கலாம். வெட்டின ஓட்டையின் விளிம்பில் ரப்பர் கேஸ்கெட், ஃபின் மேல் கை படாமல் ஒரு கம்பி வலை. தூசி அதிகமுள்ள இடத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, ஏனென்றால் பேனலுக்குள் வெளிக்காற்றை இழுக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது வழி விசிறி. வேண்டிய காற்று, மணிக்குக் கன மீட்டரில், 3.1 × வாட் ÷ டிகிரி வித்தியாசம். 120 வாட்டுக்கு 10 டிகிரி உயர்வோடு நிறுத்த 37 கன மீட்டர். 120 மி.மீ விசிறி ஒன்று, வடிகட்டி மாட்டியும் இதைத் தாராளமாகத் தரும். கீழே ஒரு பக்கம் உள்ளே தள்ளும் விசிறி, மேலே எதிர்ப்பக்கம் வெளியேறும் ஜன்னல். விசிறியை மேலே வைத்து இழுக்கவிட்டால் கதவு இடுக்கு, கேபிள் ஓட்டை வழியாகவெல்லாம் வடிகட்டாத தூசி உள்ளே வரும். ஆனால் திருப்பூர், கோவைப் பக்கம் பஞ்சு பறக்கும் ஷெட்டுகளில் வடிகட்டி ஒரு வாரத்தில் கம்பளி போர்த்திக்கொள்ளும். வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்ய ஆள் இல்லாத இடத்தில் விசிறியை நம்பிச் சிங்க்கின் அளவைக் குறைக்காதீர்கள்.

மூன்றாவது, சூட்டையே குறைப்பது. உங்கள் ஹீட்டர் நியூட்ரல் இல்லாத ஸ்டார். மூன்று வயரில் இரண்டை மட்டும் எஸ்எஸ்ஆர் வழியாக விட்டு, ஒன்றை நேராகக் கொடுத்தாலே மூன்றும் கட்டுப்படும். டெல்டாவுக்கும் இது பொருந்தும். 90 வாட் 60 ஆகிறது, ஒரு எஸ்எஸ்ஆர் காசும் மிச்சம். ஆனால் எஸ்எஸ்ஆர் அணைந்திருக்கும்போதும் ஹீட்டரில் ஒரு ஃபேஸ் நேராக நிற்கும். எனவே முன்னால் மெயின் காண்டாக்டர் கட்டாயம், ஹீட்டரில் கைவைக்கும் முன் அதை அணைத்து, பூட்டி, டெஸ்ட் செய்வதும் கட்டாயம். மூன்று எஸ்எஸ்ஆர் போட்டிருந்தாலும் இந்த விதி மாறாது. அணைந்த எஸ்எஸ்ஆர் வழியாகவும் சில மில்லிஆம்பியர் கசியும், ஷாக் அடிக்க அது போதும். நியூட்ரல் இணைத்த ஸ்டாரில் இந்த இரண்டு எஸ்எஸ்ஆர் வித்தை செல்லாது.

இனி மாட்டும் வேலை. முழுக்க பெஞ்சில் முடித்துவிட்டுத்தான் பேனலுக்குள் கொண்டுபோக வேண்டும். பேனலுக்குள் துளை போட்டால் அலுமினியச் சுருள் எங்காவது டெர்மினலுக்குள் விழுந்து என்றைக்காவது வெடிக்கும்.

சதுர எஸ்எஸ்ஆரின் அளவு ஏறக்குறைய 58 × 45 மி.மீ, இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கும் நடுவே 47.6 மி.மீ. கையில் இருக்கும் எஸ்எஸ்ஆரை வைத்தே குறித்துக்கொள்ளுங்கள், அளவு நூலிழை மாறும். எஸ்எஸ்ஆர் சிங்க்கின் நடுவில் உட்கார வேண்டும். ஒரே சிங்க்கில் மூன்று என்றால் பக்கவாட்டில் வரிசையாக, அகலத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பங்கின் நடுவிலும் ஒன்று. ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக மாட்டினால் கீழேயிருப்பவனின் சூடு மேலேயிருப்பவனுக்குப் போகும், எப்போதும் மேலேயிருப்பதுதான் முதலில் போகும். சிங்க்கின் அடிக்கட்டை 8 மி.மீ கனமாவது இருக்கட்டும். மெல்லியதாக இருந்தால் ஓரத்து ஃபின்களுக்குச் சூடு போய்ச் சேராது.

துளை 3.3 மி.மீ, எம்4 டேப் (துளைக்குள் ஸ்க்ரூ நூல் வெட்டும் கருவி). அலுமினியத்தில் டேப் அடிக்கும்போது கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று போய்க் கால் சுற்று திரும்பி வந்தால் டேப் ஒடியாது. நூல் குறைந்தது 6 மி.மீ பிடிக்க வேண்டும். செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். அது உலோகத்தை மேலே கிளப்பி எஸ்எஸ்ஆருக்கு அடியில் ஒரு மேடு உண்டாக்கும். துளையின் வாயைப் பெரிய டிரில் பிட்டால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பிசிறு நீக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பிசிறின் மேல் எஸ்எஸ்ஆர் உட்கார்ந்து நடுவில் காற்று நிற்கும், அப்புறம் எவ்வளவு விலையுயர்ந்த பேஸ்ட் போட்டாலும் பிரயோசனமில்லை.

பரப்பு சமமாக இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஸ்கேலுக்கு அடியில் தெளிவான வெளிச்சக் கோடு தெரிந்தால் அந்தப் பரப்பு வேண்டாம். எக்ஸ்ட்ரூஷன் சிங்க்குகள் நடுவில் லேசாகக் குழிந்திருப்பது சகஜம். கண்ணாடித் தகட்டின் மேல் நைஸ் எமரி ஷீட்டை விரித்துச் சிங்க்கை அதன்மேல் தேய்த்துச் சமப்படுத்தலாம். எமரியைக் கையில் பிடித்துத் தேய்த்தால் குழி இன்னும் ஆழமாகும். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து இரண்டு பரப்பையும் துடையுங்கள்.

பேஸ்ட் விஷயத்தில் எல்லோரும் செய்வது ஒரே தப்பு: கூடுதலாகப் போடுவது. கடையில் ஹீட் சிங்க் காம்பவுண்ட் என்று கேட்டால் தரும் வெள்ளைப் பேஸ்ட் போதும். அதன் வேலை இரண்டு உலோகமும் தொடாத நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது மட்டுமே, தொடும் இடத்தில் அது நடுவே நிற்கக் கூடாது. 58 × 45 மி.மீ பரப்புக்கு 0.1 மி.மீ கனம் என்றால் கால் மில்லிலிட்டர்தான். ஒரு பட்டாணி அளவு. பழைய ஏடிஎம் கார்டால் எஸ்எஸ்ஆரின் அடித்தகட்டில், உலோகம் லேசாகத் தெரியும்படி ஒரே சீராக வழித்துவிட்டு, சிங்க்கில் வைத்து அழுத்தியபடி இடமும் வலமும் நாலைந்து முறை திருகுங்கள். இப்போது ஒருமுறை தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பேஸ்ட் ஒரே மாதிரி ஒட்டியிருந்தால் சரி. நடுவில் ஒட்டாத வட்டம் தெரிந்தால் குழி, ஒரு ஓரம் மட்டும் ஒட்டாமல் இருந்தால் பிசிறு அல்லது வளைவு. இந்த ஒரு நிமிடச் சோதனையை யாரும் செய்வதில்லை, செய்தால் பாதிப் பிரச்சினை பெஞ்சிலேயே பிடிபடும்.

மைக்கா ஷீட் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். டிரான்சிஸ்டரை ஹீட் சிங்க்கில் மாட்டிப் பழகிய கை அது. சதுர எஸ்எஸ்ஆரின் அடித்தகடு உள்ளேயே செராமிக்கால் காப்பிடப்பட்டது. மைக்கா போட்டால் தடைதான் கூடும். எம்சீல், சிலிக்கான் சீலன்ட், டூத் பேஸ்ட் இவையெல்லாம் பேஸ்ட்டுக்கு மாற்று அல்ல. பேஸ்ட்டோடு கை அழுக்காக வேண்டாம் என்றால், எஸ்எஸ்ஆர் தயாரிப்பாளர்களே விற்கும் கிராஃபைட் அல்லது அலுமினியத் தாள் பேட் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒருமுறை இறுக்கிக் கழற்றினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும்.

ஸ்க்ரூவில் பிளெயின் வாஷர், ஸ்பிரிங் வாஷர் இரண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போகாதீர்கள், அடித்தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், உள்ளேயிருக்கும் செராமிக்கும் விரியலாம். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, பிறகு இரண்டும் முழுசு. டேட்டாஷீட்டில் பெரும்பாலும் 1.5 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை போட்டிருக்கும். டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால், சாதாரணப் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒரு கை பலத்தில் நன்றாக இறுக்குவது ஏறக்குறைய அந்த இடத்துக்கு வரும். டிரில் மெஷினில் பிட் மாட்டி இறுக்காதீர்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடி இறுக்குங்கள், பேஸ்ட் வெளியே வழிந்த அளவுக்கு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும்.

சிங்க்கைப் பேனலில் நிறுத்தும்போது ஃபின்கள் செங்குத்தாக இருக்க வேண்டும், கீழிருந்து மேலே காற்று தடையில்லாமல் ஓடும்படி. டின் ரெயிலில் (பேனல் சாமான்களைக் கிளிப் போட்டு மாட்டும் உலோகப் பட்டை) மாட்டும் சிங்க்குகளில், ரெயில் கிடைமட்டமாக இருந்தால்தான் இப்படி வரும். இடம் பத்தவில்லை என்று ரெயிலைச் செங்குத்தாகப் போட்டு மாட்டினால் ஃபின் படுத்துக்கொள்ளும், சூடு ஃபின்களுக்கு நடுவிலேயே தேங்கும். இப்படி மாட்டினால் பாதிச் சுமைதான் ஏற்ற வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். சிங்க்குக்கு மேலும் கீழும் வயரிங் டக்ட் வரை 80 முதல் 100 மி.மீ இடைவெளி விடுங்கள். பேனலில் அதிகமாகக் காணும் தவறு இதுதான்: அழகுக்காக டக்ட்டை ஃபின்னின் வாயை ஒட்டியே அடித்துவிடுவார்கள். பக்கத்துச் சிங்க்குக்கு நடுவே 20 மி.மீயாவது வேண்டும்.

ஃபின்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். விசிறி இல்லாமல் வேலை செய்ய 6 முதல் 10 மி.மீ வேண்டும், பஞ்சும் தூசியும் உள்ள இடத்தில் 10 மி.மீக்குக் குறையாமல். கம்ப்யூட்டர் சிபியு சிங்க்கைப் போல இரண்டு மி.மீ இடைவெளியில் நெருக்கமாக ஃபின் இருப்பது விசிறிக்காகச் செய்தது. பார்வைக்குப் பரப்பு நிறைய இருக்கிறதே என்று அதை வாங்கி விசிறியில்லாமல் மாட்டினால் காற்று உள்ளே நுழையவே நுழையாது.

பேனலில் எஸ்எஸ்ஆரை மேலே வைப்பதா கீழே வைப்பதா? கீழே காற்று குளிர்ச்சி, எஸ்எஸ்ஆருக்கு நல்லது. ஆனால் அதன் சூடு முழுக்க மேலேயிருக்கும் எஸ்எம்பிஎஸ், கன்ட்ரோலர் மேல் போகும். மேலே வைத்து, அதற்கு நேர் மேலே வெளியேறும் ஜன்னல் வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. ஜன்னல் இல்லாத மூடிய பேனலில் இந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை, எங்கே வைத்தாலும் வேகும்.

ஒரு கிலோவைத் தாண்டிய சிங்க்கை டின் ரெயில் கிளிப்பில் மட்டும் தொங்கவிடாதீர்கள். பேனலை லாரியில் ஏற்றி இறக்கும்போது கிளிப் விட்டுவிடும். பிளேட்டில் நேராக ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். சிங்க்குக்கு எர்த் வயர் கட்டாயம். அனோடைஸ் செய்த மேற்பரப்பு கரன்ட்டைக் கடத்தாது, அதனால் எர்த் போல்ட் வரும் இடத்தில் பளபளக்கச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள்.

டெர்மினலில் 25 ஆம்பியருக்கு 6 சதுர மி.மீ செம்பு வயர், க்ரிம்ப் செய்த ரிங் லக். 4 சதுர மி.மீ போதும் என்பார்கள். திறந்த இடத்தில் போதும், ஆனால் சூடான டெர்மினலில் உட்காரும் பிவிசி வயருக்கு 70 டிகிரிதான் எல்லை. சிங்க்கை ஒட்டிப் போகும் வயருக்கு ஃபைபர்கிளாஸ் ஸ்லீவ் போடுங்கள். ஸ்க்ரூ தளர்ந்து டெர்மினலில் 5 மில்லிஓம் தடை வந்தால்கூட 25 ஆம்பியரில் 3 வாட் அந்த ஒரு புள்ளியில் எரியும், ஸ்க்ரூ கறுக்கும், பிளாஸ்டிக் உருகும். அப்படி உருகிய எஸ்எஸ்ஆரைப் பார்த்து உள்ளே போய்விட்டது என்று நினைப்பார்கள். ஓட்டிய ஒரு வாரத்தில் எல்லா லோட் டெர்மினலையும் ஒருமுறை இறுக்குங்கள்.

சூட்டோடு சம்பந்தமில்லாத மூன்று விஷயங்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிங்க் மாற்றியும் எஸ்எஸ்ஆர் போகும். ஒன்று, எஸ்எஸ்ஆரின் வோல்டேஜ். 24 முதல் 380 வோல்ட் என்று போட்டிருக்கும் வகை 415 வோல்ட் லைனுக்கு ஆகாது. 415-இன் உச்சம் மட்டுமே 587 வோல்ட், அதன்மேல் ஸ்பைக் வேறு. 480 வோல்ட் வகை, 1200 வோல்ட் உச்சம் தாங்குவது வேண்டும். இரண்டு, ஃபியூஸ். ஹீட்டர் எர்த் ஆனாலோ ஷார்ட் ஆனாலோ சாதாரண எம்சிபி விழுவதற்குள் தைரிஸ்டர் போய்விடும். அதிவேகமாக உருகும் செமிகண்டக்டர் ஃபியூஸ் போடுங்கள், அதன் ஐ ஸ்கொயர் டி மதிப்பு (ஆம்பியரின் வர்க்கம் × நேரம், டேட்டாஷீட்டில் இருக்கும்) எஸ்எஸ்ஆருடையதைவிடக் குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். மூன்று, கன்ட்ரோலரில் சைக்கிள் டைம், அதாவது ஒரு ஆன்-ஆஃப் சுற்றுக்கான நேரம். ரிலே அவுட்புட்டுக்கான 20 விநாடி அப்படியே இருந்தால் சிப் ஒவ்வொரு சுற்றிலும் நன்றாகச் சுட்டு நன்றாக ஆறும். அந்த ஏற்ற இறக்கம் உள்ளே சாலிடரைக் களைப்படையச் செய்யும். எஸ்எஸ்ஆருக்கு 1 அல்லது 2 விநாடி வையுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். எஸ்எஸ்ஆர் போகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும், அதாவது ஹீட்டர் அணையாது. அதனால் ஓவனுக்குத் தனியாக ஒரு ஓவர் டெம்பரேச்சர் கட் ஆஃப், தனி சென்சாரோடு, மெயின் காண்டாக்டரை விழவைக்கும்படி இருந்தே ஆக வேண்டும். சிங்க்கின் மேல், எஸ்எஸ்ஆருக்குப் பக்கத்தில், 90 டிகிரியில் திறக்கும் பொத்தான் வடிவ பைமெட்டல் தெர்மோஸ்டாட் ஒன்றை ஸ்க்ரூ போட்டு, அதே காண்டாக்டர் காயிலோடு சீரீஸில் போடுங்கள். கேஎஸ்டி 301 என்று கேட்டால் கிடைக்கும், நார்மலி க்ளோஸ்டு வகை. விசிறி நின்றாலும் ஃபின் அடைத்தாலும் எஸ்எஸ்ஆருக்கு முன் இது முந்திக்கொள்ளும்.

மாட்டி முடித்ததும் அளந்து பார்க்க வேண்டும். கன்ட்ரோலரை மேனுவலில் 100 சதவீதம் வைத்து, ஓவனின் எல்லையைத் தாண்டாமல் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் ஓட்டுங்கள். சிங்க் நிலைக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். தேவைப்பட்டால் ஓவன் கதவைத் திறந்து வைத்து ஓட்டலாம். எஸ்எஸ்ஆரின் விளிம்பை ஒட்டிச் சிங்க்கில் கே டைப் தெர்மோகப்பிள் ஒன்று, சிங்க்குக்கு ஐந்து செ.மீ கீழே காற்றில் இன்னொன்று. லேசர் கன்னை அலுமினியத்தின் மேல் காட்டினால் பாதி எண்தான் காட்டும், பளபளக்கும் உலோகம் அதை ஏமாற்றிவிடும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் காட்டினால் சரியாக வரும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரையும், எஸ்எஸ்ஆர் ஆன் ஆகியிருக்கும்போது அதன் இரண்டு லோட் டெர்மினலுக்கும் குறுக்கே வோல்டேஜையும் பாருங்கள். 1 முதல் 1.5 வரை சரி. மூன்றில் ஒன்று மட்டும் தனியாகக் கூடுதலாகக் காட்டினால் அதன் டெர்மினலில் இறுக்கம் போதவில்லை, அல்லது எஸ்எஸ்ஆரே போலி. 40 என்று அச்சடித்து உள்ளே சின்ன டிரையாக் வைத்து விற்பவை சந்தையில் நிறைய உண்டு.

சிங்க்கின் டிகிரியிலிருந்து வெளிக்காற்றின் டிகிரியைக் கழித்து அந்த எண்ணைப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். ஆம்பியர் மாறாதவரை அந்த வித்தியாசமும் ஏறக்குறைய மாறாது. மார்கழியில் வெளியே 28 இருக்கும்போது சிங்க் 66 காட்டினால் வித்தியாசம் 38. அதே பேனல் 42 டிகிரி நாளில் 80-ஐத் தொடும், அதுதான் எல்லை. அடுத்த ஆறு மாதத்தில் அதே ஆம்பியரில் வித்தியாசம் 50 ஆகியிருந்தால் ஃபின் அடைத்திருக்கிறது அல்லது வடிகட்டி மூடியிருக்கிறது, அழுத்தக் காற்றை ஃபின்னுக்குக் கீழிருந்து மேலாக விட்டு ஊதுங்கள். சிங்க் வழக்கம்போலவே இருந்து எஸ்எஸ்ஆரின் உடம்பு மட்டும் கூடுதலாகச் சுட்டால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. கழற்றி, பழைய பேஸ்ட்டை முழுக்கத் துடைத்து, மறுபடி ஒரு பட்டாணி அளவு.